பைப்பா, ஃபைலா: கன்சோல் புரோகிராமின் அவுட்புட்டை எதில் பிடிப்பது?

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், போர்டுகளைச் சோதிக்கும் எங்கள் பைத்தான் புரோகிராம் சிப்போடு நேரடியாகப் பேசுவதில்லை. சிப்போடு வந்த கன்சோல் டூல் ஒன்றை, அதாவது ஜன்னல் எதுவும் திறக்காமல் எழுத்து வரிகளாகவே பேசும் புரோகிராமை, கூப்பிடும். அந்த டூல் சிப்புக்குள் ஓட வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேரை ஏற்றும். அது எழுதும் வரிகளைப் படித்து, பாஸா ஃபெயிலா என்று எங்கள் புரோகிராம் முடிவு செய்யும். அண்மையில் லைனைப் புதுப்பித்தபோது, அந்த வரிகளை எப்படிப் பிடிப்பது என்று மறுபடியும் யோசித்தோம். பைப் (ஒரு புரோகிராம் எழுதுவதை மெமரி வழியாக இன்னொன்றிடம் நேராகச் சேர்க்கும் குழாய்), ஃபைல், போலி டெர்மினல் (மனிதர் உட்கார்ந்திருக்கும் டெர்மினல் என்று டூலை நம்பவைப்பது) என்று மூன்று வழிகள் இருந்தன. நாங்கள் ஃபைலுக்குப் போனோம், என் ஓட்டும் அதற்குத்தான்.

எக்ஸிட் கோட், அதாவது புரோகிராம் முடியும்போது திருப்பித் தரும் எண், மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. வேறு புரோகிராமை ஓட்டும் சப்பிராசஸ் ரன் பைத்தான் 3.5இல் வந்துவிட்டது, ஆர்கியூமென்டுகளை லிஸ்டாகக் கொடுங்கள், ஷெல்லை நடுவில் நுழைக்காதீர்கள். இது பலருக்கும் தெரிந்ததுதான்.

பைப்பில் எல்லோரும் முதலில் சந்திக்கும் சிக்கல் டெட்லாக், அதாவது இரண்டு புரோகிராம்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து முடங்குவது. பைப்புக்குக் கொள்ளளவு உண்டு. லினக்ஸில் வழக்கமாக அது 65,536 பைட். அது நிரம்பினால், எழுதும் புரோகிராம் யாராவது படிக்கும்வரை அப்படியே நிற்கும். நம் புரோகிராமோ அது முடியட்டும் என்று காத்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டூல் வழக்கமான வரிகளை ஸ்டேண்டர்ட் அவுட்புட்டிலும், எரர் வரிகளைத் தனியாக இன்னொரு பைப்பிலும் எழுதும். முதலாவதை முழுக்கப் படித்துவிட்டு எரர் பக்கம் போகலாம் என்றாலும் இதே கதிதான், ஏனென்றால் அதற்குள் எரர் பைப் நிரம்பியிருக்கலாம். இதற்குத் தீர்வு இருக்கிறது: சப்பிராசஸில் உள்ள கம்யூனிகேட் மெத்தட் இரண்டையும் சேர்த்தே படிக்கும். ஆகவே டெட்லாக்கை மட்டும் காட்டிப் பைப்பை ஒதுக்குவது நியாயமில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இரவு ஷிஃப்டில் லைன் நின்றால் டெக்னீஷியன் தம்பி, "அண்ணே, மூணாவது ஸ்டேஷன் நிக்குது" என்று போன் செய்வார். நான் இருப்பது தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில். பாலம் தாண்டிப் போவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: டூல் கடைசியாக என்ன சொன்னது? பைப்பில் பிடித்திருந்தால் அந்த வரிகள் எங்கள் புரோகிராமின் மெமரியில் இருக்கும். புரோகிராம் விழுந்தாலோ, ஆபரேட்டர் பொறுமையிழந்து ரீஸ்டார்ட் செய்தாலோ அவையும் போய்விடும். ஃபைலில் பிடித்திருந்தால் டூல் எழுதியது டிஸ்கில் கிடக்கும். தம்பி அந்த ஃபைலை அனுப்பினால் போதும், பாதி நேரம் படுக்கையில் இருந்தே பதில் சொல்லிவிடலாம்.

இன்னொன்று, பேரப்பிள்ளை புராசஸ், அதாவது நாம் ஓட்டிய டூல் (பிள்ளை) தானே ஓட்டும் இன்னொரு புரோகிராம். சில டூல்கள் பின்னணியில் ஒரு சர்வரைக் கிளப்பிவிட்டுத் தாங்கள் முடிந்துவிடும். அந்த சர்வர் பைப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே இருப்பதால், டூல் எப்போதோ முடிந்திருந்தாலும் கம்யூனிகேட் திரும்பாது. விண்டோஸில் சப்பிராசஸ் ரன்னுக்கு டைம்அவுட் (இவ்வளவு நேரத்துக்கு மேல் காத்திருக்காதே என்ற வரம்பு) கொடுத்தும் இப்படி மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு, ஏனென்றால் பிள்ளையைக் கொன்ற பிறகும் பைப்பில் மிச்சமிருப்பதைப் படிக்க அது முயலும். ஃபைலில் இந்தத் தொல்லை இல்லை. புராசஸ் முடிந்தால் முடிந்ததுதான். அதிகம் போனால் அந்த ஃபைலை உடனே அழிக்க முடியாது.

மூன்றாவது, எழுத்துக் குறியாக்கம் (என்கோடிங்), அதாவது எழுத்துகளை எந்த பைட்டுகளாக எழுதுவது என்ற முறை. எங்கள் மெஷின்கள் சிலவற்றில் ஃபோல்டர் பெயர் சீன எழுத்தில் இருக்கும். டெக்ஸ்ட் மோடில் பைப்பைப் படிக்கும்போது பைத்தான் தானாக ஒரு என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். அது பொருந்தாவிட்டால் டீகோட் எரர் வந்து, தேவையான வரிகளும் சேர்ந்து போய்விடும். ஃபைலில் பைட்டுகள் வந்தபடியே இருக்கும். எந்த என்கோடிங்கில் படிப்பது என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

ஃபைல் வழியைச் சரியாகச் செய்யச் சில பழக்கங்கள் வேண்டும். சீரியல் நம்பரையும் நேரத்தையும் சேர்த்து ஃபைலுக்குப் பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஸ்டேஷன் அதன் மேலேயே எழுதிவிடும். முதல் வரியில் முழு கமாண்டையும் டூலின் வெர்ஷனையும் எழுதுங்கள். எழுதியபின் ஃப்ளஷ் செய்துவிட்டுத்தான் (மெமரியில் காத்திருப்பதை ஃபைலுக்குத் தள்ளிவிட்டுத்தான்) ஃபைலை டூலிடம் கொடுக்க வேண்டும், மறந்தால் அந்த வரி கடைசியில் போய் விழும். இன்புட் தேவையில்லை என்றால் டெவ்நல் என்ற வெற்று இன்புட்டைக் கொடுங்கள், அப்போது டூல் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காது. பழைய ஃபைல்களைத் துடைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்டும் வேண்டும். ஒரே எரரைச் சுழன்று சுழன்று எழுதும் டூல் டிஸ்கை நிரப்பிவிடும் என்பது ஃபைலின் உண்மையான பலவீனம். அதற்கு டைம்அவுட்டைத் தவிர வேறு நல்ல காவல் எங்களிடம் இல்லை.

பஃபரிங், அதாவது அவுட்புட்டை உடனே எழுதாமல் சேர்த்து வைப்பது, என்ற விஷயத்தில் பைப்பும் ஃபைலும் ஒன்றுதான். சி மொழியில் எழுதிய புரோகிராம் லினக்ஸ் டெர்மினலில் வரிக்கு வரி எழுதும். பைப்போ ஃபைலோ என்றால் மொத்தமாகச் சேர்த்து வைத்து எழுதும். எரர் வரிகள் சேராமல் உடனே வரும். அதனால் இரண்டையும் ஒன்றாக்கினால் வரிசை மாறித் தெரியும். பைத்தான் டூல் என்றால் பைத்தானை மைனஸ் யூ (-u) சேர்த்து ஓட்டினால் போதும், வரிகள் சேராமல் வரும். மற்றவற்றுக்கு லினக்ஸில் பஃபரிங்கை மாற்றும் எஸ்டிடிபஃப் (stdbuf) கமாண்ட் இருக்கிறது, ஆனால் எல்லாப் புரோகிராமும் அதற்குக் கட்டுப்படாது.

சரி, பைப் எங்கே ஜெயிக்கும்? முதல் எரர் வரி வந்ததுமே டூலை நிறுத்த வேண்டும் என்றால் பைப் வசதியானது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ டூல் கொட்டும் வீடியோ ஃபிரேம்களை அடுத்த புரோகிராமுக்குத் தள்ளுவது போன்ற வேலைக்கு ஃபைல் வீண். நாலு வரி பதில் சொல்லும் சின்ன கமாண்டுக்கும் நான் பைப்பைத்தான் எடுப்பேன்.

போலி டெர்மினலை லினக்ஸில் மட்டும், அதுவும் பிஎக்ஸ்பெக்ட் (pexpect) என்ற பைத்தான் லைப்ரரி வழியாகத்தான், நான் பயன்படுத்தியிருக்கிறேன். விண்டோஸ் 10இன் 1809 வெர்ஷனில் வந்த கான்பிடிஒய் (ConPTY) என்ற விண்டோஸ் போலி டெர்மினல் பக்கம் லைனில் போனதில்லை, அதனால் அதற்கு என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் போன்றவை பாஸ்வேர்டை ஸ்டேண்டர்ட் இன்புட்டில் கேட்காமல் டெர்மினலிடமே நேராகக் கேட்கும். அங்கே பைப்பும் ஃபைலும் உதவாது, போலி டெர்மினல்தான் வழி. ஆனால் நிறத்துக்கான குறிகள், நாம் அனுப்பியதே திரும்பி வரும் எதிரொலி எல்லாம் அவுட்புட்டில் கலந்து வரும், அவற்றைத் துடைக்க வேண்டும். டூல் கேட்கும் கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். எங்களிடம் அப்படி பாஸ்வேர்ட் கேட்கும் டூல் ஒன்றே ஒன்றுதான். அதற்கு மட்டும் இதை வைத்திருக்கிறோம், புது வெர்ஷன் வந்தால் லைனில் ஏற்றும் முன் ஆஃபீஸ் மெஷினில் ஓட்டிப் பார்த்துவிடுகிறோம்.