முதுகெலும்பு முறிந்த வலி: படுக்கையா, பெல்ட்டா, மாத்திரையா, சிமென்ட்டா?

அம்மாவின் முதுகில் முதல் முறிவு ஒரு தும்மலில் வந்தது. இரண்டாவது, இறுகிக் கிடந்த ஜன்னலைத் தூக்கித் திறந்தபோது. இடையில் பதினான்கு மாதம். அதற்குள் ஒருவர் படு என்றார், இன்னொருவர் நட என்றார்; பெல்ட் போடு என்றார்கள், போடாதே என்றார்கள்; முறிந்த எலும்புக்குள் சிமென்ட் வைத்தால் மறுநாளே எழுந்துவிடலாம் என்றும் சொன்னார்கள். ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை எனக்கு வந்தது அப்படித்தான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "எலும்புத் தேய்மானம்" என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு நோய்களைச் சொல்கிறோம். மூட்டில் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. எலும்பின் உட்புறம் புரைவிழுந்து அடர்த்தி குறைவது மற்றொன்று. ஆஸ்டியோபோரோசிஸ் என்கிற எலும்புப்புரை அதுதான். எலும்புப்புரை தானாக வலிக்காது, முறிந்தால்தான் வலிக்கும். இது புரியாததால், "ஊசி போட்டும் வலி போகலையே" என்று எலும்பு மருந்தையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து அடுத்த முறிவைத் தடுக்க வந்தது. இன்றைய வலிக்கு வேறு வழி தேட வேண்டும்.

வலியிலும் இரண்டு உண்டு. புது முறிவின் வலி கத்தி போலக் குத்தும். எழும்போதும் புரண்டு படுக்கும்போதும் உயிர் போகும். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் தணியும். பழைய முறிவின் வலி வேறு. எலும்பு கூடிவிட்டது, ஆனால் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவில் கூடியிருக்கிறது. உடல் முன்னால் சாய, அதை நிமிர்த்திப் பிடிக்க முதுகுத் தசைகள் நாள் முழுக்க உழைக்கின்றன. சாயங்காலம் ஏறும், படுத்தால் இறங்கும். இனி சொல்லப்போகும் எந்த வழியும் இந்த இரண்டு வலிக்கும் ஒரேபோல் வேலை செய்வதில்லை.

படுக்கையா, நடமாட்டமா?

புது முறிவில் முதல் சில நாள் படுக்கை தேவைதான்; அதை யாரும் மறுக்க வேண்டாம். கெடுதல் வருவது அந்தச் சில நாள் சில வாரங்களாக நீளும்போது. சுமை இல்லாத எலும்பு கரையும். படுக்கையில் கிடப்பவர்களின் முதுகெலும்பு வாரத்துக்குச் சுமார் 1 சதவீதம் தாது இழந்ததை ஆய்வுகள் அளந்திருக்கின்றன. தசை அதைவிட வேகமாக இளைக்கும். அம்மா ஐந்து வாரம் படுத்திருந்தார். எழுந்து நின்றபோது கால் நடுங்கியது. "படுத்தா சரியாப் போயிடும்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதற்காக எந்த உடற்பயிற்சியும் நல்லது என்று இறங்கிவிடக் கூடாது. இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் உலுக்கிய தகவல் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் செய்து 1984-இல் வெளியான ஓர் ஆய்வில் எலும்புப்புரை இருந்த 59 பெண்களைப் பயிற்சி வாரியாகப் பிரித்துக் கவனித்தார்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புது முறிவு. முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு. சிறிய ஆய்வு என்றாலும் வித்தியாசம் சிறியதல்ல. கால்விரலைத் தொடுவது, மல்லாந்து படுத்து வயிற்றைச் சுருக்கி எழுவது, இடுப்பை முறுக்குவது எல்லாம் வேண்டாம். தோள்பட்டைகளைப் பின்னால் இழுப்பது, சுவரில் முதுகை ஒட்டி நிற்பது, சிறு சிறு நடை இவை போதும். கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுவது ஒருக்களித்து, கையை ஊன்றி. பழைய முறிவின் வலிக்கு இதற்கு இணையான மருந்தை நான் பார்க்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லித் தருவது அவசியம்.

பெல்ட் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. முதல் சில வாரங்களில் எழுந்து உட்காரத் துணிவு தரும். மாதக்கணக்கில் இறுக்கிக்கொண்டே இருந்தால் தசை சோம்பிவிடும்.

எந்த மாத்திரை?

பாராசிட்டமால் சாது, அளவு மீறாமல், ஈரல் நன்றாக இருந்தால், வேளைக்கு வேளை எடுக்கலாம். ஆனால் புது முறிவின் முதல் வாரத்துக்கு அது மட்டும் பற்றாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகைகள் வேகமாகக் கேட்கும். வயதானவருக்கு இரைப்பைப் புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம் என்று மூன்று பக்கமும் கண் வைக்க வேண்டும். டிரமடால் போன்றவை அதைவிட வலுவானவை, ஆனால் இரண்டு விதத்தில் இந்த நோயாளிக்கே எதிராகத் திரும்பும்: மலச்சிக்கல் வந்து முக்கினால் முதுகு வலிக்கும், தலை சுற்றினால் விழுவார், விழுந்தால் அடுத்த முறிவு. ஆகவே குறுகிய காலம், குறைந்த அளவு, கூடவே மலமிளக்கி. கால்சிடோனின் என்ற ஹார்மோன் மருந்து புது முறிவின் வலியைக் கொஞ்சம் தணிக்கும்; நீண்டகாலப் பயன்பாட்டில் புற்றுநோய் ஆபத்து சற்றுக் கூடுவதாகத் தெரிந்ததால் 2012-இல் ஐரோப்பிய மருந்து முகமை அதைக் குறுகிய காலத்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது.

மாத்திரையை நான் அளந்த கோல் ஒன்றுதான்: இதைப் போட்டபின் அம்மா எழுந்து நடக்கிறாரா, தூங்கி வழிகிறாரா?

சிமென்ட் வைப்பதா, காத்திருப்பதா?

நசுங்கிய முள்ளெலும்புக்குள் ஊசி வழியாகச் சிமென்ட் செலுத்துவது வெர்டிப்ரோபிளாஸ்டி; முதலில் பலூனால் இடம் உண்டாக்கிவிட்டுச் செலுத்துவது கைஃபோபிளாஸ்டி. மறுநாளே நடந்தவர்களின் கதைகள் உண்மைதான். ஆனால் 2009-இல் வந்த இரண்டு ஆய்வுகள், சிமென்ட் வைக்காமல் வைத்ததுபோல் நடித்த போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது, இரு தரப்பினருக்கும் வலி கிட்டத்தட்ட ஒரேயளவில்தான் குறைந்தது. அதற்கு மாறாக, முறிந்து ஆறு வாரத்துக்குள் இருந்த, கடும் வலிக்காரர்களை மட்டும் எடுத்த 2016 ஆய்வு சிமென்ட்டுக்குச் சாதகமாக வந்தது. 2018-இல் இன்னொன்று மறுபடி வித்தியாசமில்லை என்றது. என் தீர்ப்பு: முறிவு புதிதென்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்து, வலுவான மருந்துக்கும் அடங்காமல், நோயாளி படுக்கையை விட்டு எழவே முடியாதபோது இதைப் பற்றிப் பேசலாம். கூடிப்போன பழைய முறிவுக்கு வேண்டாம். அங்கே வலிப்பது எலும்பின் விரிசல் அல்ல. சிமென்ட் கசியக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ இந்த ஒப்பீடெல்லாம் ஓரம். அன்றே அவசரப் பிரிவு.

அடுத்த முறிவைத் தடுக்க எது?

வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். புது முறிவுக்காரருக்கு அந்த அரை மணி நேரமே தண்டனை. ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் அமிலத்தை நரம்பு வழியாக ஏற்றிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. முதல் முறை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி நல்ல மருந்து, ஆனால் தேதி தவறக் கூடாதது. மாற்று மருந்து தொடங்காமல் நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் முறிந்தவர்கள் உண்டு. ஒழுங்காகப் போட முடியுமா என்ற சந்தேகம் இருந்தால் தொடங்காமல் இருப்பதே மேல்.

இவை மூன்றும் இருக்கும் எலும்பைக் காப்பவை. டெரிபாராடைட் புது எலும்பை வளர்ப்பது: தினமும் 20 மைக்ரோகிராம் ஊசி, பொதுவாக இரண்டு ஆண்டு வரை. முறிவு ஏற்கெனவே ஆனவர்களை எடுத்துக்கொண்ட 2018 ஆய்வில், அலெண்ட்ரோனேட் வகையைச் சேர்ந்த ரிசெட்ரோனேட் மாத்திரை எடுத்தவர்களில் 12 சதவீதத்தினருக்குப் புது முதுகெலும்பு முறிவு; டெரிபாராடைட் போட்டவர்களில் 5.4 சதவீதத்தினருக்கு. தினமும் குத்திக்கொள்ள வேண்டும், செலவும் அதிகம். இரண்டு முறிவு கண்டவருக்கு அது தகும் என்றே அம்மாவும் மருத்துவரும் நானும் முடிவு செய்தோம். ஊசி முடிந்ததும் சோலெட்ரோனிக் அமிலம் தொடங்கினார், வளர்ந்த எலும்பு திரும்பக் கரைந்துவிடாமல் இருக்க. சாயங்கால வலி இன்னும் இருக்கிறது. அது வந்தவுடன் இருபது நிமிடம் மல்லாந்து படுக்கிறார், பிறகு எழுந்து சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறார்.