சீக்வென்சிங்குக்கு சாம்பிள் கொடுக்கிறீர்களா? பெங்களூரில் என் ஒன்றரை வருட அனுபவம்

எங்கள் லேப் ஹெப்பாள் பக்கம். சாங்கர் சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் ஒரு முறை) ஒன்றரை வருடமாக ஒரே கம்பெனிக்குத்தான் சாம்பிள் போகிறது. பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

முதலில் நல்லது. காலையில் மெயில் போட்டால் மதியத்துக்குள் தெர்மோகோல் பெட்டியோடு ஆள் வந்துவிடுகிறார். வருகிற அண்ணன் ஓசூர்க்காரர். நான் ஃபோனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்ட நாளிலிருந்து "மேடம்" போய் "என்னம்மா, இன்னைக்கு எத்தனை டியூப்?" ஆகிவிட்டது. பெட்டியை மூடுவதற்கு முன் ஒவ்வொரு டியூபையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு தடவை எத்தனால் பட்டு மூடியில் இருந்த எண் பாதி அழிந்திருந்ததை அவர்தான் காட்டினார், அது 3ஆ 8ஆ என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. இப்போது மூடியில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எழுதி, பாராஃபிலிமும் (இழுத்து ஒட்டும் மெழுகுப் படலம்) சுற்றிவிடுகிறேன்.

பிளாஸ்மிட் (பாக்டீரியாவிலிருந்து எடுக்கிற வட்ட டிஎன்ஏ) என்றால் கவலையே இல்லை. மைக்ரோலிட்டருக்கு 100 நானோகிராம் கொடுத்தால் மூன்றாம் நாள் ஃபைல் வந்துவிடும், 800 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) வரை, எழுத்துக்கு ஒன்றாக வரைபடத்தில் எழும் பீக் எல்லாம் தனித்தனியாக நிற்கும். ஆரம்பத்து 30, 40 பேஸ் குப்பையாகத்தான் இருக்கும், அது எந்த சாங்கரிலும் அப்படித்தான், அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள்.

பிசிஆர் புராடக்ட்டில்தான் (பிசிஆரில் நகலெடுத்துப் பெருக்கிய டிஎன்ஏ துண்டு) வினை. சுத்தம் செய்யாமல் அனுப்புகிறேன், நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று ஃபார்மில் டிக் போட்டு 12 டியூப் கொடுத்தேன். வந்த 12 ஃபைலிலும் முதல் பேஸிலிருந்தே பீக் மேல் பீக். பிசிஆரில் போட்ட பழைய பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கி வைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) இரண்டும் உள்ளேயே இருந்தால் இரண்டு இழையும் சேர்ந்து படிக்கப்பட்டு இப்படித்தான் வரும். கேட்டால் "உங்கள் டெம்ப்ளேட் சரியில்லை" என்று, அதாவது நான் கொடுத்த டிஎன்ஏதான் தப்பு என்று, ஒரு வரி பதில். ஒரே ஒரு டிஎன்ஏ துண்டுதான் இருக்கிறது என்று காட்டும், ஒரே பேண்டாக (கோடாக) இருந்த ஜெல் படத்தை அனுப்பி, ஒரு வாரம் மெயிலில் மல்லுக்கட்டிய பிறகுதான் சுத்தம் செய்து திரும்ப ஓட்டினார்கள், எல்லாம் பளிச்சென்று வந்தது. கடைசியில் பில்லைப் பார்த்தால் சுத்தம் செய்த காசு இரண்டு தடவை!

சரி, என் தப்பும் ஒன்று உண்டு. ஒரு முறை டிஎன்ஏவை டிஈ பஃபரில் (டிஎன்ஏவைச் சேமிக்கும் கரைசல்) எடுத்து அனுப்பிவிட்டேன். அதில் இருக்கிற ஈடிடிஏ மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், மெக்னீசியம் இல்லாமல், டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைமான பாலிமரேஸ் வேலை செய்யாது. ஆறு ரியாக்‌ஷனும் அவுட். தண்ணீரில் எடுக்கச் சொல்லி ஃபார்மின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் எதில் கரைத்தது என்ற கட்டத்தில் நான் டிஈ என்றே எழுதியிருந்தேனே, ஓட்டுவதற்கு முன் ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்.

மைக்ரோலிட்டருக்கு எத்தனை நானோகிராம் டிஎன்ஏ என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிற எண்ணை அப்படியே நம்பி ஓட்டிவிடுகிறார்கள், அதுதான் இவர்களிடம் சிக்கல். அந்த அளவைப் பார்க்கிற நானோடிராப் கருவியோ ஆர்என்ஏ, மீந்த பிரைமர் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி 140 என்று காட்டும், ஜெல்லில் பார்த்தால் பேண்டே மங்கலாக இருக்கும். அதனால் இப்போதெல்லாம் குறிப்புக் கட்டத்தில் "ஜெல் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கூப்பிட்ட பிறகே ஓட்டவும்" என்று பெரிதாக எழுதிவிடுகிறேன். எழுதினால் கூப்பிடுகிறார்கள்.

ஐந்துக்கு மூன்று. அப்புறம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுக்காதீர்கள், திங்கட்கிழமைதான் பெட்டியையே திறக்கிறார்கள். அதனால் டிஎன்ஏவுக்கு ஒன்றும் ஆகாது, கைடுக்குத்தான் (ஆராய்ச்சி வழிகாட்டி) பொறுக்காது.