குழுவை விட்டு வரும் பாடகிக்கு எது முதலில்: தனிப்பாட்டா, நடிப்பா?

மதுரைப் பக்கம் திருவிழா மேடைகளில் நாலைந்து பேராகச் சேர்ந்து பாடும் தங்கச்சிகள், தனியாக வர நினைக்கும்போது இந்தக் கேள்வியில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். தென்கொரியாவின் ‘மிஸ் ஏ’ என்ற பெண்கள் பாட்டுக் குழுவில் 2010-ல் அறிமுகமான சூசி, அடுத்த ஆண்டே நடிக்க வந்துவிட்டார். தனி ஆல்பம் 2017-ல்தான். அவருக்குப் பின்னால் பெரிய நிறுவனம் இருந்தது. நம்ம பிள்ளைகளுக்குக் கைக்காசுதான்.

செலவு
தனிப்பாட்டு: மெட்டு, ஒலிப்பதிவு, வீடியோ எல்லாமே நம் பொறுப்பு. பாட்டின் உரிமை யாருக்கு என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.
நடிப்பு: ஆடிஷனுக்குச் சென்னை போய்வரும் செலவு, தங்கும் செலவு. வாய்ப்புத் தரப் பணம் கேட்டால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

நிலைப்பு
தனிப்பாட்டு: மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி 1938 முதல் சில படங்களில் நடித்தார், பிறகு விட்டுவிட்டார். பாட்டுதான் கூடவே வந்தது.
நடிப்பு: முகம் சீக்கிரம் பரிச்சயமாகும். அடுத்த படம் நம் கையில் இல்லை.

சிரமம்
இரவு கச்சேரி, விடியற்காலை படப்பிடிப்பு என்று ஓடினால் முதலில் அடிவாங்குவது தொண்டை.

சொந்தக் குரல், சொந்தப் பாட்டு இருப்பவர்கள் பாட்டிலேயே தொடங்கலாம். பரவை முனியம்மா நாட்டுப்புறப் பாட்டில் பேர் வாங்கிய பிறகே 2003-ல் ‘தூள்’ படத்துக்கு வந்தார். மேடையில் பாட்டைவிட முகபாவத்துக்கே கைதட்டல் வாங்குகிறவர் என்றால், சரி, நடிப்புப் பயிற்சியை முதலில் பிடியுங்கள்.