மோவாப் செம்பாறைத் தடங்களும் மூடியும் மூடாத பின்கதவும்

டிக்கிக் கதவின் பூட்டு மோட்டாரையும் கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கையும் மாற்றிக்கொண்டு வண்டி நேற்றுதான் வீடு திரும்பியது. பில் 480 டாலர். அந்த எரிச்சலில் இருக்கும்போது யூட்டா மாநிலத்து லீஹையில் இருக்கும் நண்பர் போனில் கூப்பிட்டார். “மோவாப் போறதுக்குன்னே உங்களோடது மாதிரி ஒரு பழைய எஸ்யூவி பார்த்து வெச்சிருக்கேன், விலையையும் இறக்கியிருக்காங்க, வாங்கலாமா? ஐந்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க? குழந்தைகள் இருக்காங்க, சுலபமான தடம் மட்டும் போதும்” என்றார். மோவாப், அதே யூட்டாவில் செம்பாறைத் தடங்களில் வண்டி ஓட்டுவதற்கென்றே ஆட்கள் தேடிப்போகிற ஊர். என் பதில் கொஞ்சம் காட்டமாகப் போய்விட்டது. எழுத்தில் சொன்னால் நியாயமாக இருப்பேன் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். பில் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது, அதனால் உத்தரவாதம் கிடையாது.

லோ ரேஞ்ச் கியர் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போக), பின் ஆக்சில் லாக்கர் (பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்ந்தே சுழலவைப்பது), தரையிலிருந்து உயரம் எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்பதெல்லாம் இதைப் படிக்க வருகிறவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதை விட்டுவிடுகிறேன். கம்பெனி பெயரையும் விடுகிறேன். பின்பக்கம் நெட்டுக்குத்தாக முடிகிற எந்த வண்டிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். என் புகார் ஒன்றே ஒன்று: புழுதி.

அந்த ஊர்ப் புழுதியைப் பார்க்காதவர்கள், மண்தானே, தட்டிவிட்டால் போகிறது என்று நினைப்பார்கள். மணலாக இருந்தால் தட்டிவிடலாம். இது இரண்டு முறை சலித்த மிளகாய்ப்பொடி மாதிரி நைசானது, நிறமும் கிட்டத்தட்ட அதுவே. துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தப் பாறைகளுக்கு அவ்வளவு பேர் வாங்கிக்கொடுத்த சிவப்பைத் தருகிறது. படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதே சிவப்பு சீட் பெல்ட் பக்கிளுக்குள் புகுந்து, குழந்தையின் பெல்ட்டைக் கழற்றக் கட்டைவிரலால் முட்டுக்கொடுத்து அமுக்க வேண்டிவந்தால் அழகு கொஞ்சம் குறைந்துவிடுகிறது. பெல்ட்டைக் கழற்றினால் அது தானாக உள்ளே இழுத்துக்கொள்வதும் நின்றுவிட்டது. டிக்கியில் வைத்த தயிர்சாத டப்பாவின் மூடி விளிம்பில் ஒரு சிவப்பு வளையம். பயணம் முடிந்து பல வாரம் கழித்து ஏசியைப் போட்டாலும் முதல் மூச்சில் மோவாப் மணக்கிறது.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு கோபம் கொஞ்சம் அடங்கியது, புழுதி அடங்கவில்லை. வண்டி வேகமாகப் போகும்போது அதன் முதுகுப்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரங்கள் கிளப்பும் புழுதி அந்த இடத்துக்கே சுருண்டு வந்து பின்கதவோடு ஒட்டிக்கொண்டே பயணம் செய்யும். பீடிங் கொஞ்சம் கெட்டித்துப்போய் ஒரு நூலிழை இடைவெளி கிடைத்தால் போதும், உள்ளே வந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. கதவை அடைக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதற்காகப் பின் பம்பருக்கு உட்புறம் ரப்பர் மடல் வைத்த துவாரங்கள் இருக்கும். மடலின் ஓரத்தில் மண் ஏறிவிட்டால் அது சரியாக மூடாது. பீடிங்கை மட்டும் மாற்றிவிட்டு “எல்லாம் டைட் சார்” என்று சாவியைக் கொடுக்கும் மெக்கானிக்குகள் இந்தத் துவாரங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முன்னால் புழுதி தெரிந்ததும் எல்லோருடைய கையும் ஏசியில் உள்காற்றுச் சுழற்சி பட்டனுக்குத்தான் போகும். அதில் ஒரு சங்கடம் உண்டு. வெளிக்காற்று வருவதை நிறுத்தினால் வண்டிக்குள் அழுத்தம் ஏறாது, பின்பக்கத்து இடைவெளிகள் புழுதியை இழுத்துக்கொள்ளும். வெளிக்காற்று வரும்படி வைத்து, ஃபேனை நன்றாகக் கூட்டி, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட வேண்டும். ஃபில்டர் வழியாக வரும் காற்று உள்ளே நிறைந்து, இடைவெளிகள் வழியாகப் புழுதியை வெளியே தள்ளும். முன்னால் போகிற வண்டியின் புழுதிக்குள் நேராக மாட்டிக்கொள்ளும் சில நொடிகளுக்கு மட்டும் சுழற்சி சரி. இப்படி ஓட்டினால் உள்ளே வரும் மண் கண்கூடாகக் குறைகிறது. ஆனால் கேபின் ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டும், ஃபேன் சத்தத்தில் பின் சீட்டில் இருப்பவர்களோடு பேசவும் முடியாது.

இந்தத் தொல்லை கஷ்டமான தடங்களில் வருவதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

ஊருக்குக் கிழக்கே சாண்ட் ஃப்ளாட்ஸ் பகுதியில் ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் என்று ஒரு தடம். ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையான நவாஹோ மணற்கல், மீன் துடுப்புகளைப்போல வரிசையாக எழுந்து நிற்கும். ஒருவழிப் பாதை. பாறைமேல் வெள்ளையாக வரைந்திருக்கும் டைனோசர் குறியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நடுநடுவே மணல் திட்டுகள் உண்டு, ஆனாலும் பெரும்பகுதி வெறும் பாறை. வேகமும் நடக்கிற வேகம்தான். புழுதி எங்கிருந்து வரும்?

இங்கே இந்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஊர் ரோட்டில் 36 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்திருக்கும் டயரை 20க்கு இறக்கிக்கொள்வேன். டயர் கொஞ்சம் சப்பையாகி, பாறையின் சொரசொரப்பில் நன்றாகப் படியும். அதற்கும் கீழே இறக்கினால் பிடிப்பு இன்னும் கூடும், ஆனால் பக்கவாட்டுத் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம் என்பதால் நான் அதோடு நிறுத்திக்கொள்வேன். லோ ரேஞ்சில் முதல் கியர். ஏற்றத்தில் மூக்கு மேலே போனதும் கண்ணாடி முழுக்க வானம், பாறை எங்கே முடிகிறது என்றே தெரியாது. மனைவி முன்னால் போய் நின்று கை காட்டுவார். அவர் கையை மட்டும் நம்பி ஆக்சிலேட்டரை அரை விரல் அமுக்கினால், கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஏறும். அதைவிட இறக்கம். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும் என்பதை உடம்பு ஏற்றுக்கொள்ள ரொம்ப நேரம் பிடிக்கும். எடுத்த பிறகு எஞ்சினே வண்டியைப் பிடித்து, நிதானமாக இறக்கிவிடும். முதல்முறை அப்படி இறங்கியபோது பின் சீட்டில் சத்தமே இல்லை, கீழே வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எதிரே லா சால் மலைகள், ஏப்ரலில் உச்சியில் பனியோடு. இந்தச் சந்தோஷத்துக்கு 480 டாலர் கொடுக்கலாம்தான்.

ஷேஃபர் தடமும் அப்படியே. கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஐலண்ட் இன் த ஸ்கை மேட்டிலிருந்து சுமார் 1,500 அடி கீழே, செங்குத்துப் பாறைச் சுவரைக் குடைந்த கொண்டை ஊசி வளைவுகள். ஒரு காலத்தில் கால்நடைகளை ஓட்டிச் சென்ற பாதை அது. 1952ல் சார்லி ஸ்டீன் என்பவர் மோவாபுக்குத் தெற்கே பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்த பிறகு வந்த வேட்டையில், தாது லாரிகளுக்காக அகலப்படுத்தினார்கள். கீழே ஓடும் 100 மைல் வொயிட் ரிம் ரோடும் அதே காலத்தில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் போட்டதுதான். ஆனால் அந்த ரோட்டோரத்தில் யுரேனியம் ஏதோ பெயருக்குத்தான் கிடைத்தது, மிச்சம் நமக்கு ரோடு. லாரி போன அகலம் என்பதால் ஷேஃபரில் இந்த வண்டிக்கு இடம் தாராளம். எதிரே ஏறி வருகிறவருக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இதைத் தெரியாமல் நடுவளைவில் முறைத்துக்கொண்டு நிற்பவர்களை இன்னும் பார்க்கிறேன். வொயிட் ரிம்முக்கு ஒருநாள் பயணமானாலும் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். ஏடிவி, யுடிவி எனப்படும் சின்னத் திறந்த வண்டிகளைப் பூங்காவுக்குள் விடுவதில்லை, அந்த அளவுக்குச் சத்தமும் புழுதியும் மிச்சம்.

பிரச்சினை அடிவாரத்தில் ஆரம்பிக்கிறது. ஷேஃபரில் இறங்கி மோவாபுக்குத் திரும்ப பொட்டாஷ் ரோடு. தடப் புத்தகங்களில் இதற்குச் சுலபம் என்று போட்டிருப்பார்கள். ஓட்டுவதற்குச் சுலபம்தான். வழியில் பொட்டாஷ் உப்பு காய்ச்சும் பாத்திகள் வரும். வெயிலில் சீக்கிரம் ஆவியாக வேண்டும் என்று தண்ணீரில் நீலச் சாயம் கலக்கிறார்கள். சிவப்பு நிலத்துக்கு நடுவே அந்த நீலம் கண்ணைப் பறிக்கும். அதை நிதானமாகப் பார்க்க முடியாதபடி ரோடு முழுக்க வரிவரியாகக் குறுக்கு மேடுகள். மெதுவாகப் போனால் பல் ஆடுகிறது, 35 மைல் வேகத்தில் போனால் அதிர்வு குறைகிறது, ஆனால் புழுதி மதில்போல எழுந்து பின்னாலேயே வருகிறது. நாலு சக்கர வண்டி தேவையே இல்லை என்று சொல்லக்கூடிய அந்தச் சமதளத்தில்தான் என் பூட்டு மோட்டார் செத்தது. ஃபின்ஸ் அண்ட் திங்ஸில் கீறல்கூட விழாத வண்டி.

போதாததற்கு, காற்று இறக்கிய நிமிடத்திலிருந்து டயர் அழுத்தம் குறைவு என்று ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சரி, அதை மன்னிக்கலாம். தார் ரோடு வந்ததும் 12 வோல்ட் கம்ப்ரசரை வைத்து நாலு டயருக்கும் திரும்பக் காற்று ஏற்றுவதை மன்னிக்க முடியாது. வெயிலில் குந்தி உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், பத்து வண்டி வரிசையாக நம்மைக் கடந்து புழுதியைக் கொட்டிவிட்டுப் போகும்.

குடும்பத்தோடு போக எனக்குப் பிடித்தது ஆனியன் க்ரீக். ஃபிஷர் டவர்ஸ் பக்கத்தில், 128ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிறது. ஒரே ஓடையை இருபது தடவைக்கு மேல் குறுக்கே கடக்க வேண்டும். தண்ணீர் சக்கரத்தை நனைத்துக்கொண்டே இருப்பதால் புழுதியும் குறைவு, பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். கந்தக நாற்றம் அடிக்கும் ஓர் ஊற்றை மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர்வரை மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். எங்கோ தூரத்தில் பெய்த மழை ஓடையில் வெள்ளமாக வந்து சேரும். சின்லி என்ற பாறை அடுக்கின் களிமண்ணில், தண்ணீரை உறிஞ்சி உப்பும் பென்டோனைட் இருப்பதால், நனைந்தால் கிரீஸ் தடவியதுபோல வழுக்கும். அப்போது லாக்கரும் ஒன்றுதான், லாக்கர் இல்லாததும் ஒன்றுதான்.

ஜெமினி பிரிட்ஜஸ் பக்கம் போகிறவர்கள் பழைய வரைபடத்தை நம்பாதீர்கள். அங்கேயும் லாபிரிந்த் கேன்யன் பகுதியிலும் 317 மைல் தடங்களை நில மேலாண்மைத் துறை 2023ல் வண்டிகளுக்கு மூடியது. அதற்கு நிறையப் பேர் கோபப்பட்டார்கள், எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கறுப்பாக, பொருபொருவென்று தரையில் படர்ந்திருக்கும் அந்த உயிருள்ள மண் மேலோடு ஒருமுறை நசுங்கினால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அது இருக்கும்வரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். உடைந்தால் புழுதி. என் டிக்கிக்குள் வந்ததில் ஒரு பங்கு, யாரோ தடத்தை விட்டு விலகி ஓட்டியதன் பலன் என்று நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

இப்போது நண்பரின் கேள்வி. இந்த வண்டி ஏறாத இடம் எனக்குத் தேவைப்பட்டதில்லை. நடுக்காட்டில் நின்றதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், அடிச்சட்டம் எதிலும் செலவு வைத்ததில்லை. பயந்து பயந்து போன இடத்திலெல்லாம் தைரியம் கொடுத்திருக்கிறது.

வாங்காதீர்கள்.

ஏனென்றால், “குழந்தைகள் இருக்காங்க, சுலபமான தடம் மட்டும் போதும்” என்று சொன்னீர்கள். இந்த வண்டி சொதப்புவதே அங்கேதான். பாறை ஏறப்போகிறவராக இருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். சமதளத்தில் 35 மைலில் போகிறவருக்கு இதன் நல்ல குணம் ஒன்றும் தெரியாது, கெட்ட குணம் மட்டும் வீட்டுக்கு வரும். மதிப்பெண் கேட்டீர்கள்: ஐந்துக்கு இரண்டு. போன மாதம் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன், அப்போது பூட்டு வேலை செய்தது.

லீஹையிலிருந்து சுமார் மூன்றரை மணி நேரம் உங்கள் சொந்தக் காரிலேயே போங்கள். மோவாபில் ஜீப் ஒருநாள் வாடகைக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ஈஸ்டர் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், 1967லிருந்து நடக்கும் ஜீப் சஃபாரி கூட்டத்தில் வண்டியும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. எந்தெந்தத் தடங்களில் ஓட்டலாம் என்பதை வாடகை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே துடைப்பதற்குத் தனியாகக் காசு உண்டா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.