கிரேக்க வணிகச் சொற்கள்: நோட்டுப் புத்தகமா, அங்கி செயலியா?

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தோடு தொழில் செய்யப் போகிறவர்கள் ஆங்கில வணிகச் சொற்களுக்கு இணையான கிரேக்கச் சொற்களைப் படிக்கும்போது, நோட்டில் எழுதுவதா, அங்கி (Anki) என்ற செயலியில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று அட்டை போடுவதா என்று குழம்புகிறார்கள்.

செலவு: நோட்டுக்குச் சில்லறைக் காசு போதும். அங்கி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் ஒருமுறை பணம் கட்டணும்.

உச்சரிப்பு: கிரேக்கத்தில் அழுத்தம் இடம் மாறினால் சில சொற்களின் பொருளே மாறிவிடும், அதனால் ஒலி கேட்காமல் படிப்பது ஆபத்து. நோட்டில் ஒலி கிடையாது, அங்கியில் சேர்க்கலாம்.

நினைவில் நிற்பது: மறக்கப்போகும் நேரம் பார்த்து அங்கி திரும்பக் கேட்கும். நோட்டை நாமேதான் புரட்டணும், பெரும்பாலும் புரட்ட மாட்டோம்.

எதில் எழுதினாலும் சொல் ஆண்பாலா, பெண்பாலா என்று காட்டும் முன்சொல்லோடு எழுதுங்கள்: 'ஒ நவ்லோஸ்' (கப்பல் சரக்குக் கட்டணம்) ஆண்பால், 'இ அபோதிக்ஸி' (கடை ரசீது) பெண்பால், 'டோ டிமொலோயியோ' (நிறுவனங்களுக்குத் தரும் விலைப்பட்டியல்) நடுப்பால் (இரண்டும் அல்லாதது). ரசீதும் விலைப்பட்டியலும் அங்கே வேறு வேறு ஆவணங்கள், மாற்றிக் கேட்டால் கணக்கில் சிக்கல் வரும்.

அடுத்த வாரமே சந்திப்பு, நாற்பது சொல் போதும் என்றால் நோட்டு. அங்கேயே வேலை, மாதக்கணக்கில் படிக்கணும் என்றால் யோசிக்காமல் அங்கி.