மறுநிரப்பிய .375 தோட்டாவைப் புதிது என்று விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

"புதிய தயாரிப்பு, 300 கிரெய்ன் சாலிட்" என்று அச்சிட்ட பெட்டியில், எருமை போன்ற பெரிய விலங்கு வேட்டைக்கான .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் துப்பாக்கித் தோட்டா வாங்கினோம். கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு, சாலிட் என்பது உடலுக்குள் விரியாத திடக் குண்டு. உள்ளே பாதிக்கு மேல் ஏற்கெனவே சுட்ட பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் மீண்டும் நிரப்பியவை. சிலவற்றில் குண்டு 270 கிரெய்ன்தான். பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று விற்றவர் கைவிரித்துவிட்டார்.

முதல் சோதனை, ஒவ்வொரு முழுத் தோட்டாவின் எடை. 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். 300 கிரெய்ன் குண்டு 19.4 கிராம், 270 என்றால் 17.5 கிராம். ஒரே லாட்டில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த தோட்டாக்கள் சில கிரெய்னுக்கு மேல் விலகாது. ஒன்று மட்டும் இரண்டு கிராம் குறைந்தால் குண்டை மாற்றியிருக்கிறார்கள் என்றே வையுங்கள். குண்டின் குறுக்களவு அடர்த்தி (விட்டத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் எண், கூடினால் ஆழமாகப் போகும்) .305-லிருந்து .274-க்கு இறங்கிவிடும். எருமையின் தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போக வேண்டிய இடத்தில் இது பெரிய இழப்பு.

அதைவிட ஆபத்து பழைய கூடு. 1912-இல் வந்த இந்தத் தோட்டாக் கூட்டின் தோள், அதாவது கழுத்தை நோக்கி ஒடுங்கும் பகுதி, மிகச் சரிவானது. அதனால் சேம்பரில் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) அது நிற்பது அடியிலுள்ள பெல்ட் என்ற தடித்த வளையத்தை நம்பித்தான். மறுநிரப்புபவர், கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான டையை முழுக்க இறக்கித் தோளைப் பின்னால் தள்ளிவிட்டால், ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு முன்னோக்கி நீளும். பெல்ட்டுக்குச் சற்று மேலே சுவர் மெலியும். ஒருநாள் அங்கேயே அறுந்து, முன்பாதி சேம்பருக்குள் சிக்கிக்கொள்ளும். காயம்பட்ட விலங்கு எதிரே நிற்கும்போது அடுத்த தோட்டா ஏறாது. சூடான வாயு பின்னால் பீறிட்டு முகத்தில் அடிக்கவும் கூடும்.

பெல்ட்டுக்கு மேல் பளபளக்கும் வளையம் தெரிந்தால் அந்தத் தோட்டாவைச் சுடாதீர்கள். விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) கீறல், அடிப்பகுதி எழுத்துகளின் மேல் எஜெக்டர் (கூட்டைத் தள்ளிவிடும் பாகம்) பதித்த சின்ன வட்டத் தடம், ஒரே பெட்டிக்குள் வெவ்வேறு அடி முத்திரை ஆகிய மூன்றையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புதிய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) போட்டிருப்பார்கள், அதனால் பிரைமரைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். சுட்ட கூடு கையில் இருந்தால், முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுங்கள். பெல்ட்டுக்கு மேல் பள்ளத்தில் தட்டினால் சுவர் மெலிந்துவிட்டது.

பணத்துக்குப் பதிலாக 9.3x62 என்ற வேறு தோட்டாவைத் தருகிறேன், இரண்டும் ஒன்றுதான் என்றும் விற்றவர் சொன்னார். 1905-இல் ஓட்டோ போக் உருவாக்கிய அருமையான தோட்டா அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. 286 கிரெய்ன் குண்டின் குறுக்களவு அடர்த்தியும் அதே .305. ஆனால் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2,360 அடி, .375-க்கு 2,530. ஆற்றல் ஆறில் ஒரு பங்கு குறைவு. குண்டின் விட்டமும் .366 அங்குலம்தான். ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தது .375 என்று சட்டம் வைத்திருக்கும் ஆப்பிரிக்க நாடுகள் பல உண்டு, அங்கே இது உதவாமல் போகலாம். .338 வின்செஸ்டர் மேக்னத்துக்கும் அதே தடைதான்.

வெறும் ".375" என்று மட்டும் எழுதிய ரசீதை ஏற்காதீர்கள். வேறு வகைத் தோட்டாவான .375 ரூகரின் குண்டும் அதே விட்டம்தான், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட முடியாது. ரூகர் கூட்டுக்குப் பெல்ட் கிடையாது, நீளம் 65.5 மி.மீ. ஹாலண்ட் கூடு 72.4 மி.மீ. தோட்டாவின் முழுப்பெயர், குண்டின் எடையும் வகையும், லாட் எண் எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பெட்டியைக் கடையிலேயே, விற்பவர் முன்னால் திறந்து எடை போட்ட பிறகே பணம் கொடுங்கள்.