கவுட் மாத்திரைக்கு அலைகிறவர்களுக்கு: தென்னாப்பிரிக்கா டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சின்ன கெமிஸ்ட் (மருந்துக்கடை)

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், பார்க்கிங் கிடையாது, சனிக்கிழமை மதியமே ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மற்றபடி வீட்டில் யாருக்காவது கவுட் (யூரிக் ஆசிட் ஏறி மூட்டு வீங்கி வலிக்கிற நோய்) இருந்தால் இந்த மாதிரி ஒரு கெமிஸ்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். கடைப் பெயரைப் போடவில்லை, அங்கே இருக்கிற ஃபார்மசிஸ்ட் அம்மா வேண்டாம் என்றுவிட்டார், இப்போது வருகிற கூட்டத்துக்கே ஆள் பத்தவில்லையாம்.

அப்பாவுக்குப் பல வருடமாகக் கவுட். யூரிக் ஆசிடைக் குறைக்கத் தினமும் அலோபூரினால் 300 மில்லிகிராம், வலி கிளம்பினால் கோல்கிசின். பெரிய மாலில் இருக்கிற கடைக்குப் போனால் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து "ஸ்டாக் இல்லை" என்பார்கள், அவ்வளவுதான். எப்போது வரும், ஏன் வரவில்லை, வேறு என்ன செய்யலாம் என்று எதுவும் கிடையாது, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிற மனுஷனை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பதிலைக் கேட்டவர்களுக்குத்தான் எரிச்சல் புரியும்.

இந்தச் சின்னக் கடையிலும் சில சமயம் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஏன் என்று கேட்டால் நின்று பதில் சொல்கிறார் அந்த ஃபார்மசிஸ்ட் அம்மா. அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கவுட் மருந்துகள் பழையவை, மலிவானவை. அலோபூரினால் 1966-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-ல் நோபல் பரிசை வாங்கிவிட்டார்கள், காப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்த கதை. இங்கே தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் ஒரே விலைச் சட்டம். கம்பெனி ஒரு மருந்தை நாடு முழுக்க ஒரே விலைக்குத்தான் விற்கவேண்டும், கடைக்காரர் அதற்கு மேல் அரசாங்கம் சொன்ன அளவுக்கு மருந்து வழங்கும் கட்டணம் மட்டும் போடலாம். நமக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த விலையை எவ்வளவு ஏற்றலாம் என்பதை வருடா வருடம் சுகாதார அமைச்சர்தான் முடிவு செய்கிறார். மூலப்பொருள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகிறது, எங்கள் நாணயம் ராண்ட் விழுந்தால் செலவு ஏறும், விலையை நினைத்தபோது ஏற்ற முடியாது. சில்லறை லாபத்துக்கு ஓடுகிற பழைய மாத்திரையைக் கம்பெனி விட்டுவிட்டால் அதைச் செய்ய மிச்சம் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள், அதில் ஒருவர் தடுமாறினால் எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் தட்டு காலி.

இதற்கு நேர் எதிரான கூத்து அமெரிக்காவில் நடந்தது. கோல்கிசினுக்கு 2009-ல் ஒரு கம்பெனி முறைப்படி அனுமதி வாங்கியது, மற்ற கம்பெனிகளின் அனுமதி இல்லாத மாத்திரைகளை அரசாங்கம் நிறுத்தச் சொன்னது, 10 சென்ட் கூட இல்லாத மாத்திரை கிட்டத்தட்ட 5 டாலருக்குப் போனது. விலையைக் கட்டிப்போட்டாலும் வம்பு, அவிழ்த்துவிட்டாலும் வம்பு.

இன்னொன்று மெடிக்கல் எய்ட், அதாவது மாதாமாதம் பணம் கட்டிச் சேருகிற மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இரத்த அழுத்தம், சர்க்கரை போல எல்லாத் திட்டமும் கட்டாயம் பணம் கட்டவேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் கவுட் கிடையாது. அதனால் நிறையப் பேர் திட்டத்தில் தங்களுக்கென்று இருக்கிற சேவிங்ஸிலிருந்தோ கையிலிருந்தோ கட்டுகிறார்கள், வலி போனதும் வாங்குவதையே விட்டுவிடுகிறார்கள். அதோடு சில திட்டங்கள் அவர்கள் சொல்கிற கடையில் வாங்காவிட்டால் கூடுதல் பணம் கேட்கும், வாடிக்கையெல்லாம் பெரிய கடைகளுக்குப் போய்விடும். மாதத்துக்கு நாலு பேர் கேட்கிற மருந்தைச் சின்னக் கடை எதற்கு அடுக்கி வைக்கும்? யூரிக் ஆசிடைக் குறைக்கிற இன்னொரு மாத்திரையான ஃபெபுக்சோஸ்டாட்டும் அப்படித்தான். 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதய நோயால் சாகும் ஆபத்து பற்றி அதற்குக் கறுப்புக் கட்ட எச்சரிக்கை, அதாவது மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டது, அலோபூரினால் பலிக்காதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது.

சரி, இந்தக் கடையில் என்ன நல்லது என்று கேட்டால், இல்லை என்று சொல்வதோடு நிறுத்தமாட்டார்கள். ஒரு மாதம் 300 வரவில்லை, அந்த அம்மா டாக்டருக்கு ஃபோன் போட்டுப் பேசி 100 மில்லிகிராம் மாத்திரையாக, வேளைக்கு மூன்று என்று கொடுத்தார். பிராண்ட் இல்லையென்றால் ஜெனரிக், டாக்டர் மாற்றக்கூடாது என்று எழுதியிருந்தால் தவிர அதைச் சொல்லவேண்டியது ஃபார்மசிஸ்டின் சட்டப்படியான கடமை. எத்தனை கடையில் சொல்கிறார்கள் என்பதை உங்கள் அனுபவத்துக்கே விடுகிறேன். கொஞ்சம்தான் இருந்தால் பத்து நாளைக்குக் கொடுத்துவிட்டு மீதியை எழுதி வைத்துக்கொள்வார்கள், வந்ததும் ஃபோன் வரும். இது பெரிய விஷயம், ஏனென்றால் அலோபூரினாலை இடையில் விட்டால் யூரிக் ஆசிட் திரும்ப ஏறும். இரத்தத்தில் லிட்டருக்கு 0.36 மில்லிமோலுக்குக் கீழே வைத்திருக்கவேண்டும் என்பது கணக்கு, இந்தியாவில் 6 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்பார்களே, அதேதான், அளவுமுறை வேறு.

கோல்கிசின் கேட்டால் கேள்வி மேல் கேள்வி. கிட்னி எப்படி, வேறு என்ன மாத்திரை, ஆன்டிபயாடிக் ஏதாவது போகிறதா. கிளாரித்ரோமைசினோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாம், மாலில் ஒருத்தரும் கேட்டதில்லை. "தாத்தா, வயித்தால போச்சுன்னா உடனே நிறுத்திட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க" என்று அரைகுறைத் தமிழில் அப்பாவிடம் சொன்னார், அவருக்கு அதிலேயே பாதி வலி போய்விட்டது. "வயித்தால போறவரைக்கும் போடுன்னுதானேம்மா அந்தக் காலத்து டாக்டர் சொல்வார்" என்றார் அப்பா. இப்போது அப்படி இல்லை. 2010-ல் வந்த ஓர் ஆய்வில் 4.8 மில்லிகிராம் கேட்ட வேலையை 1.8 மில்லிகிராமே செய்தது, தொந்தரவும் குறைவு. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

கோல்கிசின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் செங்காந்தளிலிருந்தும்தான்! சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன அதே பூ. தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு என்று தாராபுரம் பக்கம் பயிரிட்டு விதையை விற்கிறார்கள், இங்கே எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலிலும் காட்டுச் செடியாக முளைக்கிறது. அதற்காகக் கிழங்கைத் தோண்டிக் கஷாயம் போட்டுவிடாதீர்கள், ஆளைக் கொல்லும் விஷம்.

ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரைக்கு வருகிற சமயம், அதைத் தின்று கவுட் கிளம்புவதால், கோல்கிசின் முதலில் தீர்ந்துபோகுமாம், கூடவே ட்ராட்டர்ஸ் அண்ட் பீன்ஸும் (கால் கறியும் பீன்ஸும் சேர்ந்த குழம்பு) பீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் மே மாதமே சீட்டைக் காட்டிச் சொல்லி வைத்துவிடுங்கள். ரிப்பீட் (அதே சீட்டுக்கு மறுபடி மறுபடி வாங்குவது) ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், தேதி தாண்டினால் எவ்வளவு பழக்கம் இருந்தாலும் தரமாட்டார், இரண்டு பேர் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கடைசியில், சம்பளம் வந்த வாரத்தில், வரிசை வாசல்வரை நிற்கும். கார்டு மெஷின் அடிக்கடி படுத்துவிடும், கையில் பணம் எடுத்துக்கொண்டு போங்கள், காரை கோயில் தெருவில் விட்டுவிட்டு நடப்பதே மேல்.